எண் சொல்வது முறைப்பாடு, தீர்ப்பு அல்ல

மாங்கேணிக் கரையில் விடியற்புறம் ஐஸ் போட்டுப் பெட்டிகளில் அடுக்கப்படும் மீன், வெயில் ஏறுமுன் வாழைச்சேனையையோ மட்டக்களப்பையோ சென்றடைய வேண்டும். திருகோணமலை வீதி செப்பனிடப்பட்ட பின்னர் பயணம் எளிதாகிவிட்டது உண்மையே. ஆனால் அவ்வீதியில் ஓடும் எமது வாகனங்கள் இளமையாகிவிடவில்லை. கிராமத்தில் உள்ள வேன்களும் சிறிய லொறிகளும் பெரும்பாலும் மூன்று, நான்கு கை மாறி வந்தவை. காலையில் மீன் ஏற்றும் அதே வேன்தான் இரவில் பிரசவ வலி கண்ட பெண்ணை வைத்தியசாலைக்கு ஏற்றிச் செல்கிறது. மரணவீட்டுக்குக் கதிரை ஏற்றுவதும் அதுவே. ஆகவே எமது கிராமங்களில் ஒரு பழைய வாகனம் நின்றுபோவது அதன் சொந்தக்காரரின் தனிப்பட்ட கஷ்டம் மட்டுமன்று.

2020 மார்ச் மாதத்தில் நாட்டில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் கழித்து, 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்கு மீண்டும் வழி திறந்தது. திறந்தும் என்ன? வரிகளோடு சேர்த்துப் பார்க்கையில் புதிய வாகனம் எம்மவருக்கு எட்டாக் கனியாகவே இருக்கிறது. இருப்பதைப் பழுதுபார்த்து ஓட்டுவதைத் தவிர வேறு வழியில்லை. இந்த நிலையில் 'கோட் ரீடர்' எனப்படும் சிறு கருவி பற்றியும், அதை நாம் எவ்வாறு பயன்படுத்துகிறோம் என்பது பற்றியும் சில கருத்துகளை வாசகர்கள் முன் வைக்க விரும்புகின்றேன்.

ஒரு வேனின் கதை

2023ஆம் ஆண்டு மாரியில் நடந்த சம்பவம் இது. எனது உறவினர் ஒருவர் மீன் ஏற்றும் வேன் ஒன்றை வைத்திருக்கிறார். ஏறக்குறைய இருபது வருடப் பழைய டீசல் வேன். ஒரு நாள் ஓடிக்கொண்டிருக்கையில் வலு குறைந்தது. மீற்றர் பலகையில் எஞ்சின் விளக்கு எரிந்தது. பட்டினத்துக் கராஜ் ஒன்றுக்குக் கொண்டுபோனார். அங்கிருந்த இளைஞர் கருவியைச் செருகினார். இரண்டு நிமிடத்தில் பதில் வந்தது.

"பம்ப் சரியில்லை அண்ணன். மெசின் சொல்லுது."

மெசின் சொன்ன பிறகு மறுத்துப் பேச யாரால் முடியும்? மனைவியின் நகையை அடகு வைத்துப் பழைய பம்ப் ஒன்றை வாங்கிப் போட்டார். மூன்றாம் நாள் அதே விளக்கு மீண்டும் எரிந்தது. பிறகு வீதியோரத்தில் சிறு கொட்டகை போட்டு வேலை செய்யும் வயதான பாஸ் ஒருவரிடம் போனோம். அவர் வாகனத்தைத் தொடுமுன் ஒரு கேள்வி கேட்டார்.

"டீசல் பில்டர் எப்ப தம்பி மாத்தின நீங்கள்?"

என் உறவினருக்கு நினைவில்லை. 2022இன் எரிபொருள் தட்டுப்பாட்டுக் காலத்தில் கேன்களில் சேர்த்து வைத்த டீசலை ஊற்றி ஓடியது மட்டும் நினைவிருந்தது. பில்டரைக் கழற்றியபோது அதிலிருந்து தண்ணீரும் கறுத்த சேறும் வந்தன. புதிய பில்டர் போட்டதும் விளக்கு அணைந்தது. வண்டி இன்றும் ஓடுகிறது. அடகு வைத்த நகை இன்னும் மீளவில்லை.

கருவி காட்டிய எண் பி 0087. அதன் பொருள், எரிபொருள் குழாயில் அழுத்தம் போதாது என்பதே. பம்ப் பழுது என்று அந்த எண் சொல்லவில்லை. பில்டர் அடைத்திருந்தாலும் அழுத்தம் குறையும். குழாயில் காற்றுப் புகுந்தாலும், அழுத்தத்தை அளக்கும் சென்சர் பிழைத்தாலும், பம்ப் தேய்ந்திருந்தாலும் அதே எண்தான் வரும். இவற்றுள் மிக மலிவானதை முதலில் பார்க்காமல், மிக விலையுயர்ந்ததை முதலில் மாற்றினார்கள். கருவி பொய் சொல்லவில்லை. அது சொல்லாததை மனிதர் சொன்னார்.

வெப்பமானியும் இரத்தப் பரிசோதனையும்

வாகரைப் பக்கத்து முதியவர்களுக்கு மலேரியாக் காய்ச்சல் நன்கு தெரியும். உடம்பு கொதிக்கிறது என்பதை வெப்பமானி காட்டும். அது மலேரியாவா, டெங்குவா, வேறெதுவுமா என்பதை வெப்பமானி காட்டாது. விரலைக் குத்தி எடுத்த ஒரு துளி இரத்தத்தைக் கண்ணாடித் துண்டில் பூசி, நுணுக்குக்காட்டியில் பார்த்த பின்னரே மருந்து முடிவானது. அவ்வாறு பொறுமையாகப் பார்த்துப் பார்த்தே, 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடென அறிவிக்கும் நிலைக்கு நாம் வந்தோம். கோட் ரீடர் ஒரு வெப்பமானி. இரத்தப் பரிசோதனை இன்னும் மிச்சம் இருக்கிறது.

எஞ்சினைக் கட்டுப்படுத்தும் சிறு கணினிக்குக் கண் இல்லை. சென்சர்கள் வயர் வழியாக அனுப்பும் மின் அழுத்தமே அது அறிந்த உலகம். அந்த அளவு எல்லைக்கு வெளியே போனால் ஓர் எண்ணை நினைவில் எழுதிக்கொள்கிறது. உதாரணமாக, பி 0118 என்ற எண் குளிர்நீர் வெப்பச் சென்சரின் சுற்றில் அளவு மீறிய மின் அழுத்தம் என்று பொருள்படும். சென்சர் பழுதானாலும் இந்த எண் வரும். வயர் அறுந்தாலும், செருகி துருப்பிடித்துத் தொடர்பு விட்டாலும் இதே எண் வரும். கணினியோ வெளியே கடும் பனி உறைந்திருப்பதாக எண்ணிக்கொண்டு எரிபொருளை அள்ளி ஊற்றும். மாங்கேணி வெயிலில் நிற்கும் வண்டி பனிநாட்டு வண்டி போலப் பெற்றோல் குடிக்கும்.

எமது பிரதேசத்தில் இதனைச் சிறப்பாகக் கவனிக்க வேண்டும். ஒருபுறம் கடல், மறுபுறம் களப்பு. ஐஸ் உருகிய உப்புநீர் வண்டியின் தரையெங்கும் வழிகிறது. செருகிகளிலும் எஞ்சினைச் சட்டத்தோடு இணைக்கும் 'எர்த்' வயரிலும் பச்சை படிகிறது. எர்த் கெட்டால் பல சென்சர்கள் ஒரே நேரத்தில் பிழையான அளவு காட்டும். கருவியில் நான்கைந்து எண்கள் வரிசையாக வந்தால் நான்கைந்து உதிரிப்பாகங்கள் ஒரே இரவில் செத்துவிட்டன என்று நம்பக்கூடாது. அவற்றுக்குப் பொதுவான வயர் எது என்று தேட வேண்டும். உப்புக்காகிதத்தால் தேய்த்து இறுக்கிப் பூட்டினால் தீரக்கூடிய குறைக்குச் சென்சர் சென்சராக வாங்கி மாற்றியவர்கள் எமது ஊர்களில் ஒருவர் இருவர் அல்லர்.

இந்த எண்கள் எங்கிருந்து வந்தன?

இக்கருவி மெக்கானிக்குகளின் வசதிக்காகப் பிறந்ததன்று. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் வாகனப் புகை நகரங்களை மூடியது. புகையைக் கட்டுப்படுத்தும் பாகங்கள் கெட்டால் வாகனமே அதை அறிவிக்க வேண்டும் என்று அங்கு விதித்தார்கள். பின்னர் 1996ஆம் ஆண்டு மாதிரியிலிருந்து அமெரிக்காவில் விற்கப்படும் எல்லாக் கார்களிலும் ஒரே வடிவிலான பதினாறு ஊசிச் செருகியும், பொதுவான எண்களும் கட்டாயமாயின. ஐரோப்பாவில் பெற்றோல் கார்களுக்கு 2001இலும் டீசல் கார்களுக்கு 2004இலும் அது வந்தது. அதற்கு முன் ஒவ்வொரு கம்பனியும் தன் தன் இரகசிய மொழியில் பேசியது.

இங்கு நாம் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 1990இல் திருத்தப்பட்ட அமெரிக்கச் சுத்தக் காற்றுச் சட்டம், பழுதுபார்ப்பதற்கு வேண்டிய தகவலைக் கம்பனிகள் தம் முகவர்களோடு வைத்துக்கொள்ளாமல், வெளியிலுள்ள கராஜ்களுக்கும் கொடுக்க வேண்டும் என்றது. 2012இல் மசாசூசெற்ஸ் மாநில மக்கள் வாக்களித்துப் 'பழுதுபார்க்கும் உரிமை'யை வலுப்படுத்தினார்கள். அதாவது, வண்டிக்குள் எழுதப்பட்டிருக்கும் எண் வண்டிக்காரனுக்கு உரியது என்ற கொள்கைக்காக மக்கள் போராடியிருக்கிறார்கள். எமது கராஜ்களிலோ எண்ணைக் கேட்டுப் பெறும் பழக்கமே எமக்கு இல்லை. "ஸ்கேன் பண்ணினேன், இது போயிற்று" என்ற சொல்லோடு நாம் அடங்கிவிடுகிறோம்.

எல்லா வண்டிக்கும் இது பொருந்துமா?

பொருந்தாது. இதையும் தெரிந்துகொள்வது பணத்தை மிச்சப்படுத்தும். எமது பகுதியில் இன்னும் ஓடும் 'டொல்பின்' வேன்களின் பழைய டீசல் எஞ்சின்களும், ஆரம்பகாலப் பட்டா லொறிகளும், உழவு இயந்திரங்களும் முற்றிலும் பொறிமுறையால் இயங்குபவை. அவற்றின் பம்பைக் கணினி ஆளவில்லை. அவற்றை 'ஸ்கேன்' பண்ணுவதாகச் சொல்லி யாராவது பணம் கேட்டால், எதை ஸ்கேன் பண்ணப் போகிறீர்கள் என்று கேளுங்கள்.

இடைக்காலத்து வண்டிகள் வேறு வகை. தொண்ணூறுகளின் ஜப்பானிய வாகனங்கள் பலவற்றில் கணினி உண்டு. பொதுவான எண்கள் இல்லை. உள்நாட்டு விற்பனைக்காக ஜப்பானில் செய்யப்பட்டு, பாவித்த வாகனமாக இங்கு வந்தவற்றுள் சிலவற்றில் பதினாறு ஊசிச் செருகியும் இருக்கும். ஆனால் மலிவான கருவியைச் செருகினால் 'தொடர்பு இல்லை' என்றே வரும். செருகி பொருந்தினால் மொழியும் பொருந்தும் என்பதற்கில்லை. கருவி பேசாததால் கணினி எரிந்துவிட்டது என்று முடிவுகட்டி வண்டியை ஒதுக்கிவிடக் கூடாது.

இத்தகைய வண்டிகளுக்குக் கருவியே தேவையில்லாத வழி ஒன்று உண்டு. பழைய டொயோட்டா வாகனங்கள் பலவற்றில் எஞ்சின் பக்கத்தில் மூடியுள்ள சிறு பெட்டி ஒன்று இருக்கும். அதனுள் ரீ.ஈ.1, ஈ.1 என்று குறித்த இரு துளைகளை ஒரு துண்டு வயரால் இணைத்து, எஞ்சினை இயக்காமல் சாவியை மட்டும் திருப்பினால், மீற்றர் பலகையிலுள்ள எஞ்சின் விளக்கு மின்னி மின்னி எண் சொல்லும். இரண்டு மின்னல், சிறு இடைவெளி, மீண்டும் இரண்டு மின்னல் என்றால் 22. குளிர்நீர் வெப்பச் சென்சரின் சுற்று. 41 என்றால் திரொட்டில் சென்சரின் சுற்று. ஒரே சீராக விடாமல் மின்னினால் குறை எதுவும் பதியப்படவில்லை என்று அர்த்தம். துளை மாறி வயரைக் குத்தினால் சேதம் வரும் என்பதால், அறிந்தவர் ஒருவர் பக்கத்தில் நின்று முதன்முறை காட்டித்தருவது நல்லது.

இதற்கும் முந்திய தலைமுறையின் திறமையையும் மறக்கக்கூடாது. 1990 முதல் எரிபொருள் தடை செய்யப்பட்ட யாழ்ப்பாணத்தில் ஒஸ்ரின் கேம்பிரிஜ், மொறிஸ் மைனர் கார்களை மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். சிறிது பெற்றோலைக் காபுரேற்றரில் விட்டு இயக்கி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றினார்கள். பிளக்கைக் கழற்றி முனையைப் பார்த்தே நோயறிந்தார்கள். கறுத்துக் கரி படிந்திருந்தால் எரிபொருள் அதிகம், வெளுத்திருந்தால் காற்று அதிகம், மண்ணிறமாயிருந்தால் சுகம். அந்தக் கண்ணும் கையும் இன்றைய இளைஞரிடம் இருந்தால், கருவி அவருக்கு உண்மையான துணையாகும். அவை இல்லையேல் கருவி உதிரிப்பாகக் கடைக்குத் தரகராகிவிடும்.

என்ன செய்யலாம்?

கோட் ரீடரை வெறுப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. சில ஆயிரம் ரூபாவுக்குக் கிடைக்கும் சிறு கருவியைக் கைத்தொலைபேசியோடு இணைத்து, எண்ணை மட்டுமன்றி, எண் பதிவான கணத்தில் வண்டி எவ்வளவு வேகத்தில் ஓடியது, எஞ்சின் எவ்வளவு சூடாயிருந்தது என்பதையும் பல வாகனங்களில் பார்க்கலாம். இது முன்னைய தலைமுறைக்குக் கிடைக்காத வரம். ஆயினும் அந்த வரத்தை முறையோடு பயன்படுத்த வேண்டும். வாகனம் வைத்திருப்போர் ஐந்து விடயங்களைப் பழக்கமாக்கிக்கொள்ள வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

முதலாவது, எண்ணை எழுதி வாங்குங்கள். கராஜ்காரர் சொல்லும் விளக்கத்தை மட்டும் கேட்டு வராமல், எழுத்தும் நான்கு இலக்கமும் கொண்ட அந்த எண்ணையே கொப்பியில் எழுதுங்கள்.

இரண்டாவது, எழுதுமுன் அழிக்க விடாதீர்கள். எண்ணை அழித்தால் விளக்கு அணையும், நோய் அணையாது. அதனோடு சேர்ந்த தகவலும் அழிந்துபோகும்.

மூன்றாவது, பாகத்தை மாற்றுமுன் மின்சாரத்தைப் பாருங்கள். எஞ்சின் நிற்கும்போது நல்ல பற்றரி ஏறத்தாழ 12.6 வோல்ற் காட்டும். ஓடும்போது ஏறத்தாழ 14 வோல்ற் வர வேண்டும். பற்றரி வாடினாலும் கணினி உளறும். ஒரு மல்ரிமீற்றரும் உப்புக்காகிதத் துண்டும் இல்லாமல் கோட் ரீடர் மட்டும் வைத்திருப்பவர் அரைக் கருவியே வைத்திருக்கிறார்.

நான்காவது, மலிவானதிலிருந்து தொடங்குங்கள். செருகி, எர்த் வயர், காற்றுக் குழாய், பில்டர் ஆகியவற்றைப் பார்த்த பின்னரே சென்சர். சென்சரைச் சோதித்த பின்னரே பம்பும் கணினியும். தேய்ந்த பிஸ்ரன் வளையத்தையும் எரிந்த கஸ்கற்றையும் கருவி நேராகக் காட்டாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஐந்தாவது, பழைய வாகனம் வாங்கும்போது சாவியைத் திருப்பியதும் எஞ்சின் விளக்கு எரிகிறதா, எஞ்சின் இயங்கியதும் அணைகிறதா என்று பாருங்கள். எரியவே இல்லையென்றால் பல்ப் கழற்றப்பட்டிருக்கலாம். விற்குமுன் எண்களை அழித்திருந்தால், பதினாறு ஊசி வண்டிகளில் கணினியின் உள்சோதனைகள் 'முடியவில்லை' என்று கருவி காட்டும். அத்தகைய வண்டியைச் சில நாட்கள் ஓட்டிப் பார்க்காமல் முற்பணம் கொடுக்காதீர்கள்.

சங்கங்களுக்கு ஒரு வேண்டுகோள்

இதை ஒவ்வொருவரும் தனித்தனியே செய்வது கடினம். ஆகையால் கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கமோ கிராம அபிவிருத்திச் சங்கமோ நல்ல கோட் ரீடர் ஒன்றும் மல்ரிமீற்றர் ஒன்றும் வாங்கிக் கிராமத்தில் வைக்கலாம். பொதுப்பொருள் என்றால் அலுமாரியில் பூட்டிக் கிடந்து தூசி படியும், அல்லது ஒருவர் வீட்டோடு போய்விடும் என்று சிலர் சொல்வார்கள். அந்தப் பயம் நியாயமானதே. எனவே பயிற்சி பெற்ற ஓர் இளைஞரையோ யுவதியையோ பொறுப்பாக்கி, ஒரு தடவை வாசிப்பதற்குச் சிறு கட்டணம் விதிக்க வேண்டும். அதில் பாதி அவருக்கு, பாதி கருவியின் பராமரிப்புக்கு. அதைவிட முக்கியமானது ஒரு கொப்பி. வாகனம், வந்த எண், பார்த்த இடம், கண்ட குறை, செலவு ஆகியவற்றை அதில் பதிய வேண்டும். இரண்டு வருடத்தில் அந்தக் கொப்பியே மாங்கேணியின் உப்புக்காற்றில் எந்த வண்டிக்கு எது முதலில் கெடும் என்பதைச் சொல்லும். வெளியூரில் அச்சிட்ட எந்தப் புத்தகத்திலும் அது கிடையாது.

இது கராஜ் தொழிலாளருக்கு எதிரான யோசனை என்று எவரும் எண்ண வேண்டாம். எழுதிய எண்ணோடு வரும் வாடிக்கையாளர் நேர்மையான பாஸுக்கு உதவியே செய்கிறார். உழைப்புக்குக் கூலி கொடுக்கத் தயங்கி, பாகத்துக்கு மட்டும் பணம் கொடுக்கும் எமது பழக்கமும் இக்குற்றத்தில் பங்குடையது. அரை நாள் வயரைத் தேடிக் கண்டுபிடித்தவருக்கு, "ஒன்றும் மாற்றவில்லையே" என்று கூலியைக் குறைத்தால், அடுத்த முறை அவர் எதையாவது மாற்றத்தான் செய்வார்.

1990 ஆகஸ்ட்டில் வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குப் புறப்பட்டு வழியிலே காணாமற்போன யூஜின் ஹீபேட் அடிகளார், மட்டக்களப்புக் கிழக்குத் தொழில்நுட்ப நிறுவகத்தின் பணிப்பாளராக இருந்தவர். இப்பகுதி இளைஞர் கையில் ஒரு தொழில் இருக்க வேண்டும் என்ற எண்ணம் எமக்குப் புதியதன்று. அன்று அரமும் ஸ்பானரும் பிடிக்கக் கற்றுக்கொடுத்தோம். இன்று அவற்றோடு, ஓர் எண்ணைக் கண்டதும் அவசரப்படாமல் 'ஏன்' என்று கேட்கவும் கற்றுக்கொடுக்க வேண்டும்.

யாராவது வந்து முறைப்பாடு செய்தால் உடனே ஒருவரைப் பிடித்துத் தண்டிப்பது நீதியாகாது. விசாரிக்க வேண்டும், சாட்சி கேட்க வேண்டும், பிறகே தீர்ப்பு. கோட் ரீடர் காட்டும் எண்ணும் ஒரு முறைப்பாடுதான். அடுத்த முறை எஞ்சின் விளக்கு எரியும்போது, பணப்பையைத் திறக்குமுன் கொப்பியைத் திறவுங்கள்.